புகை மூட்டத்தில் விடியும் டெல்டா: படமெடுக்க ஒரு முழு வழிகாட்டி

பிப்ரவரி பாதியில் தொடங்கி மே வரைக்கும் டெல்டாவில் சில நாள் காலையில் சூரியன் வழக்கம்போல் எழும்பாது. கீழ்வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும், உதய நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியும் ஒன்றும் தெரியாது, சரி இன்றைக்கு அவ்வளவுதான் என்று டிரைபாடை மடக்கப் போகிற நேரத்தில் பனை உயரத்துக்கும் மேலே, அந்தரத்தில், செப்புக்காசு மாதிரி ஒரு வட்டம் முளைக்கும். ஓரம் துல்லியமாக இருக்கும், நெருப்பு நிறமாக இருக்கும், வழக்கமான வெயிலின் பளீர் இருக்காது. எங்கோ வெகுதூரத்தில் காடு எரிந்த புகை மேலே மிதந்து வந்து செய்கிற வேலை இது. அந்தக் காலையை முந்தின நாளே மோப்பம் பிடிப்பது எப்படி, எங்கே போய் நிற்பது, கேமராவில் என்ன செய்வது, வீட்டுக்கு வந்தபின் எதைச் செய்யக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறேன். செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வரும்: புகை நாளில் காலண்டரில் போட்டிருக்கும் உதய நேரத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். படம் கிடைப்பது பெரும்பாலும் அதற்கு அப்புறம் 10 முதல் 25 நிமிடத்துக்குள். நிறைய பேர் அந்த நேரத்தில் டீக்கடையில் இருக்கிறார்கள்.

முதலில் அது எந்தப் புகை என்று பாருங்கள்

டெல்டாவில் காலை மூட்டத்துக்குக் காரணம் ஒன்றிரண்டு இல்லை. மார்கழி, தையில் மூடுபனி. போகியன்று பழைய பாயும் டயரும். சம்பா அறுத்த வயலில் சிலர் தாளைக் கொளுத்துவார்கள், கரும்பு வெட்டிய இடத்தில் சோகையைக் கொளுத்துவார்கள், ஆற்றோரம் செங்கல் சூளை புகையும். இவை எல்லாம் தாழ்ந்த புகை. ராத்திரி தரை குளிர்ந்து, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடுவதால் இந்தப் புகை மேலே போக வழியில்லாமல் பனைமர உயரத்திலேயே படுத்துக் கிடக்கும். மூக்கில் ஏறும். எதிரே இருக்கிற தென்னந்தோப்பையே மங்கலாக்கிவிடும்.

தொலைவுப் புகை வேறு சாதி. மேற்கே பச்சைமலை, கொல்லிமலை, தென்மேற்கே சிறுமலை, கொடைக்கானல் மலை, இன்னும் தள்ளிப் போனால் தேனிப் பக்கத்து மலைகள் என்று காய்ந்த இலையும் புல்லும் சேர்ந்த காடுகள் நமக்கு அந்தப் பக்கம் நிறைய. குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியது இந்தப் பருவத்தில்தான். வடக்கே ஆந்திரா, ஒடிசா மலைக்காடுகளிலும் மார்ச், ஏப்ரல்தான் தீயின் உச்சம். குளிர்காலத்திலிருந்து மார்ச் வரை துணைக்கண்டத்தின் புகையும் தூசியும் கடலுக்கு மேலே பழுப்பு மூட்டமாக வந்து படிவதை 1999-ல் இந்தியப் பெருங்கடலில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்திய இண்டோஎக்ஸ் ஆய்வு விமானம், கப்பல் எல்லாம் வைத்து அளந்தே காட்டியது. ஆகவே கிழக்கே கடல்தானே, அங்கே என்ன புகை வரப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

வயலில் நின்று பிரித்துப் பார்ப்பது எளிது. மூடுபனி வெள்ளையாக இருக்கும், லென்ஸ் நனையும், வரப்புப் புல்லில் கால் வைத்தால் பேண்ட் முழங்கால் வரை ஈரமாகும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். தாழ்ந்த புகையில் நாற்றம் வரும், கண் எரியும். தொலைவுப் புகையில் மூக்குக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்து மரங்கள் பளிச்சென்று இருக்கும், ஆனால் கீழ்வானத்தில் மட்டும் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை. மூன்றும் கலந்தும் வரும். ஏரியோரமாக இருந்தால் கீழே பனி, நடுவே வயல் புகை, மேலே தொலைவுப் புகை என்று மூன்று அடுக்குக்கூடக் கிடைக்கும்.

நிறம் எதனால் என்பதையும் தெரிந்துகொண்டால் களத்தில் முடிவெடுக்கச் சுலபம். காட்டுப்புகையின் துகள்கள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் சிறியவை. அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துவிட்டு, ஆரஞ்சையும் சிவப்பையும் ஓரளவு நேராக விடுகின்றன. காற்றில் ஈரம் ஏறினால் இதே துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துவிடும், பருத்த துகள் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும், அப்போது ஆரஞ்சு போய்ச் சாம்பல்வெள்ளை வந்துவிடும். கடலோரத்தில் ஈரம் தூக்கலாக இருக்கிற காலையில் புகை இருந்தும் நிறம் எடுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். என்னைக் கேட்டால், கடலோர வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் புகை நாளுக்கு ஒரு முப்பது நாற்பது கிலோமீட்டர் உள்ளே வந்துவிடலாம்.

புகை எங்கே இருக்க வேண்டும்

தலைக்கு மேலே இருக்கிற புகையால் நமக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. சூரிய ஒளி வரும் பாதையில் புகை இருக்க வேண்டும், காலையில் அந்தப் பாதை ரொம்பச் சாய்வானது. புகை 2 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 2 டிகிரி மேலே இருக்கும்போது ஒளிக்கதிர் அந்தப் புகையைத் துளைப்பது உங்களுக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 57 கிலோமீட்டர் தள்ளி. 5 டிகிரி ஏறியபின் அது 23 கிலோமீட்டராகக் குறையும். அதாவது தஞ்சாவூரில் நிற்பவருக்கு முதலில் திருவாரூருக்கு மேலே உள்ள புகைதான் கணக்கு, திருவாரூரில் நிற்பவருக்குக் கடலுக்கு மேலே உள்ளது. பச்சைமலையில் தீ என்று செய்தி வந்த உடனே கிளம்பினால் பயனில்லை, அந்தப் புகை ராத்திரி முழுக்க மேலைக்காற்றில் நகர்ந்து நம்மைத் தாண்டிக் கிழக்கே போயிருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருப்பதைவிட 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 5 டிகிரியில் அது 10 மடங்கு, 10 டிகிரியில் 5 மடங்கு சொச்சம். கனத்த புகை நாளில் அடிவானத்தில் சூரியன் அடியோடு காணாமல் போய், 3, 4 டிகிரி ஏறியபின் திடீரென்று தெரிவது இதனால்தான். நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் 10 நிமிடத்தில் சுமார் 2.4 டிகிரி, 20 நிமிடத்தில் 5 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. மேலே சொன்ன 10 முதல் 25 நிமிடம் இங்கிருந்துதான் வருகிறது. லேசான புகை என்றால் 5 நிமிடத்திலேயே நல்ல வட்டம் கிடைத்து, 15-க்குள் வெளுத்துவிடும். கனத்த புகை என்றால் அரைமணி நேரம்கூட நிற்கும்.

முந்தின நாள் சாயங்காலம்

நாசாவின் ஃபிர்ம்ஸ் தளத்தைத் திறங்கள். செயற்கைக்கோள் கண்ட வெப்பப் புள்ளிகள் வரைபடத்தில் இருக்கும், தீ எரிந்த சில மணி நேரத்திலேயே வந்துவிடும். அதில் விர்ஸ் என்ற கருவியின் புள்ளிகள் 375 மீட்டர் நுணுக்கம் கொண்டவை, அதைத் தேர்வு செய்யுங்கள். ஒரு புள்ளி என்றால் அங்கே வெப்பம் இருந்தது என்றுதான் அர்த்தம், காடு எரிகிறது என்று இல்லை. டெல்டாவுக்குள் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் எரிகிற எரிவாயுச் சுடரும் புள்ளியாக விழக்கூடும். மலைச்சரிவில் ஏழெட்டுப் புள்ளி கொத்தாக இருந்தால் அது தீ.

அடுத்து நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில் அன்றைய பகல் படம். மேகம் வெள்ளையாக, விளிம்போடு இருக்கும். புகை விளிம்பில்லாமல் நீலம் கலந்த சாம்பலாகப் பரவியிருக்கும். கடலில் வெயில் பட்டு மின்னுவதும் சாம்பலாகத் தெரிந்து ஏமாற்றும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விண்டி செயலி. தரைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உயரத்தை 1500 மீட்டருக்கு மாற்றி, ராத்திரி 10 மணியிலிருந்து விடியற்காலை வரை ஓட்டிப் பாருங்கள். அம்புகள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடினால் மலைப்புகைக்கு வாய்ப்பு, வடகிழக்கிலிருந்து வந்தால் ஆந்திரக் கரை பக்கத்துப் புகைக்கு. பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள் அடுக்கையும் ஒரு பார்வை பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத் தரக் குறியீடு கிடைக்கும், ஆனால் அது தரைமட்ட அளவு. மேலே புகை நிறைய இருந்தும் கீழே எண் குறைவாக இருக்கலாம், நமக்கு அதுதான் நல்லதும்கூட: மூச்சுக்கும் நல்லது, முன்புறம் தெளிவாகவும் இருக்கும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, அன்றைய அஸ்தமனத்தையும் பாருங்கள். மேற்கே சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே மங்கிக் கரைந்து போனால் புகை வந்துகொண்டிருக்கிறது. எந்தச் செயலியைவிடவும் நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

இடம்

நம் ஆறுகள் செய்திருக்கும் ஒரு பெரிய உதவி, அவை கிழக்கு நோக்கி ஓடுவது. பாலத்திலோ மதகுமேலோ நின்று தண்ணீர் போகும் திசையைப் பார்த்தால் பெரும்பாலும் சூரியன் ஆற்றுக்கு நேராகவே வரும். ஆனால் பருவத்துக்குப் பருவம் திசை மாறும். பிப்ரவரி நடுவில் நேர் கிழக்கிலிருந்து 13 டிகிரி தெற்கே உதிக்கிறது, மார்ச் 20 வாக்கில் நேர் கிழக்கு, ஏப்ரல் நடுவில் 10 டிகிரி வடக்கே, ஜூன் கடைசியில் 24 டிகிரி வடக்கே. தஞ்சாவூர் தாண்டி நீடாமங்கலம் வரைக்கும் வெண்ணாறு ஏறக்குறைய நேர் கிழக்காகப் போவதால் மார்ச் அதற்குப் பொருத்தம். முக்கொம்பிலிருந்து அணைக்கரை வரை கொள்ளிடம் மொத்தத்தில் கிழக்கு வடகிழக்காகச் சாய்ந்து போகிறது, ஆகவே அதற்கு ஏப்ரல் கடைசியும் மேயும். ஆறு வளைந்து வளைந்துதான் போகும் என்பதால் வரைபடத்தில் உங்கள் பாலத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

மேட்டூரை மூடியபின், கோடையில், ஆற்றில் தண்ணீர் இருக்காதே என்பீர்கள். இருக்காது. கொள்ளிடத்தில் மணலும் நாணலும் நடுநடுவே தேங்கிய குட்டையும்தான். அந்தக் குட்டை போதும். தரையோடு கேமராவை இறக்கினால் ஒரு முழ அகலக் குட்டைகூட முழு ஆரஞ்சு வானத்தையும் வாங்கிக்கொள்ளும். பம்புசெட்டு வைத்துக் கோடை நெல் போட்டிருக்கும் வயலில் நடவு முடிந்த முதல் இரண்டு வாரம் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், மார்ச்சில் அப்படி ஒரு வயலைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் புகை நாளுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மற்றபடி பிப்ரவரியில் வைக்கோல் கட்டுகள், மார்ச்சில் தாளுக்கு நடுவே பச்சையாகப் படர்ந்த உளுந்து, ஏப்ரலில் வெடித்த களிமண்ணும் ஆட்டுக் கிடையும். கிடையைச் சுற்றிப் போட்ட வலை, உள்ளே நெருக்கியடித்து நிற்கும் ஆடுகள், விடியலில் கிளம்பும் புழுதி, அதன்மேல் விழும் சிவப்பு ஒளி, இதற்கு ஈடு எந்தக் கோபுரமும் இல்லை என்பது என் கட்சி. வடுவூர் ஏரியில் பறவைகள் உண்டு, ஆனால் அங்கே பனியும் சேர்ந்து புகையின் நிறத்தைக் கழுவிவிடுகிறது.

புகை நாளில் நிலக்காட்சிக்கு ஒற்றை உருவம்தான் வேலை செய்யும். பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போவதால் தனிப்பனை, ஒரு மோட்டார் கொட்டகை, வரப்பில் நடக்கும் ஆள் என்று ஒன்றை மட்டும் முன்னால் நிறுத்துங்கள். எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதற்கு ஒரு சுருக்கு வழி: தூரத்தை 110-ஆல் வகுத்தால் வருவது, அங்கே சூரிய வட்டத்தின் அகலத்துக்குச் சமமான அளவு. பனையின் தலை 5 மீட்டர் அகலம் என்றால் 550 மீட்டரிலிருந்து பார்க்கும்போது அது சூரிய வட்டத்தை அப்படியே நிறைக்கும். ஆள் உயரம் 1.7 மீட்டர் என்றால் 187 மீட்டர். அதைவிடக் கிட்டே போனால் ஆள் பெரிதாகிச் சூரியன் சின்னதாகிவிடும். இடத்தை முந்தின நாளே நடந்து அளந்து வைத்துவிடுங்கள், இருட்டில் வரப்பில் அலைய முடியாது.

நடக்கும்போது இரண்டு விஷயம். கண்ணாடி விரியன் டெல்டாவில் சாதாரணம், டார்ச்சும் கணுக்காலை மூடிய ஷூவும் இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். அப்புறம், டிரைபாட் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு சர்வே கருவி. ‘‘எந்த ஊரு தம்பி? மீத்தேனுக்கா, பைப்புக்கா?’’ என்றுதான் முதல் கேள்வி வரும், 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்த பிறகும் அந்தச் சந்தேகம் போகவில்லை, போகவும் காரணமில்லை. நின்று, ‘‘ஐயா, சூரியனைப் படம் புடிக்க வந்தேன்’’ என்று கேமராத் திரையைக் காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, பெரும்பாலும் அவரே இதைவிட நல்ல இடத்தையும் காட்டுவார். உளுந்து முளைத்த வயலில் மட்டும் கால் வைக்காதீர்கள். ‘‘நாளைக்குத் தாளைக் கொளுத்துவீங்களா’’ என்று விவசாயியிடம் கேட்டு ஏற்பாடு செய்யும் படக்காரர்களும் இருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். டிரோன் என்றால் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பாதீர்கள், தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது.

பையில் என்ன

70-200 மிமீ போன்ற ஒரு டெலி லென்ஸ்தான் (தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுவது) முக்கியம், 100-400 இருந்தால் இன்னும் நல்லது. முழு அளவு சென்ஸாரில் சூரியனின் விட்டம், குவிய நீளத்தை 110-ஆல் வகுத்த அளவு: 200 மிமீ-ல் 2 மில்லிமீட்டர்கூட இல்லை, 400-ல் 3.6. படச் சட்டத்தின் உயரம் 24 மில்லிமீட்டர் என்பதால் 400-ல் சூரியன் அதில் ஏழில் ஒரு பங்கு உயரம். அகல லென்ஸில் அது பொட்டு. அகல லென்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் புகை நாளில் அது பெரும்பாலும் பையிலேயே இருக்கும்.

யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், சூரியன் சட்டத்துக்குள் இருந்தால் அது பொய் வட்டங்களைக் கொண்டுவரும். போலரைசர் சூரியனுக்குப் பக்கவாட்டில் 90 டிகிரியில்தான் வேலை செய்யும், எதிரே பிடிக்கும்போது வெளிச்சத்தைத் தின்பதோடு சரி. வானத்தை இருட்டாக்கும் கிராஜுவேட் ஃபில்டரும் வேண்டாம், புகையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஊதுபந்து ஒன்று கட்டாயம். லென்ஸில் சாம்பல் படிந்தால் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதுங்கள், சாம்பலில் மணல் போன்ற துகளும் இருக்கும். வயலில் வைத்து லென்ஸ் மாற்றாதீர்கள்.

களத்தில்

உதயத்துக்கு 45 நிமிடம் முன்னால் இடத்தில் இருங்கள். தஞ்சாவூரில் பிப்ரவரி நடுவில் உதயம் சுமார் 6:34, மார்ச் 20-ல் 6:17, ஏப்ரல் நடுவில் 6:03. அந்திவெளிச்சம் நம் பகுதியில் 20 நிமிடம் சொச்சம்தான், வட நாடுகளில் எடுப்பவர்கள் சொல்லும் நீண்ட நீல நேரம் இங்கே கிடையாது.

முதலில் ரா வடிவத்தில், அதாவது கேமரா தானாகத் திருத்தாத மூலக் கோப்பாக எடுக்க மாற்றுங்கள். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவிலிருந்து எடுத்து 5500 கெல்வினில் பூட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் கேமரா அந்த ஆரஞ்சைப் பார்த்து, ஏதோ பல்பு வெளிச்சம் போலிருக்கிறது என்று நினைத்து நீலத்தைக் கூட்டிச் ‘சரி’ செய்துவிடும், காத்திருந்ததெல்லாம் சாம்பலாகிப் போகும். மேனுவல் மோடுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 200, லென்ஸ் துளை எஃப் 8 என்று வைத்து ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

ஃபோகஸ் புகையில் தடுமாறும். மோட்டார் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பனையின் தண்டுக்கும் வானத்துக்கும் நடுவே உள்ள ஓரத்தில் ஒருமுறை பிடித்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி, அதன்பின் தொடாதீர்கள்.

சூரியன் வருமுன் எதிர்ப்பக்கம், மேற்கே திரும்பிப் பாருங்கள். அங்கே வானம் தெளிவாக இருந்தால் உதயத்துக்குச் சற்று முன் ரோஜா நிறப் பட்டை ஒன்று அடிவானத்துக்கு மேலே தெரியும், அதற்குக் கீழே பூமியின் நிழல் நீலச்சாம்பலாக இறங்கும். ஐந்து நிமிடம்தான். சூரியனையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

சூரியன் தெரிந்ததும் எக்ஸ்போஷரை அதற்கு வைத்துக் கட்டுங்கள், நிலத்துக்கு அல்ல. 1/500 வினாடியில் ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமும் விழும் வரைபடம்) வெள்ளைக் கோட்டை விட்டுவிட்டுச் சிவப்புக் கோட்டை மட்டும் பாருங்கள். புகை நாளின் பொறி இதுதான்: மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாகவே இருக்கும், ஆனால் சிவப்பு வலது சுவரில் மோதி நிரம்பியிருக்கும், அப்படி எடுத்தால் வட்டத்துக்குள் இருந்த சாயல் எல்லாம் போய் தட்டையான மஞ்சள் பொட்டாக வரும். சிவப்பு சுவரைத் தொடாத வரை ஷட்டரை வேகமாக்குங்கள், 1/1000, 1/2000 என்று போனாலும் பரவாயில்லை. முன்புறம் கறுத்துப் போகும், போகட்டும். அதுவும் வேண்டுமென்றால் டிரைபாடை அசைக்காமல் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) இடைவெளியில் மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புகை நாளில் நிழலுருதான் பொருந்துகிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஷட்டரைத் திரும்பப் பாருங்கள், சூரியன் தன் விட்டம் அளவு ஏற 2 நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகிறது, அதற்குள் வெளிச்சம் மாறிவிடும்.

நாரையோ கொக்கோ கூட்டமாகக் கிளம்பும் நேரமும் இதுதான். ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி 1/1000-க்குக் குறையாமல் பிடியுங்கள்.

பெரிய டெலியில் எடுத்தால் வட்டத்தின் மேல் சின்னக் கரும்புள்ளி ஒன்றிரண்டு தெரியலாம். சென்ஸார் அழுக்கு என்று பதறாதீர்கள். கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று எடுங்கள்: புள்ளி சூரியனோடு சேர்ந்து நகர்ந்தால் அது சூரியப்புள்ளி, திரையில் இருந்த இடத்திலேயே இருந்தால் அழுக்கு. புகையே இயற்கை ஃபில்டராக நிற்பதால் இப்படி ஒரு வாய்ப்பு.

ஆனால் அந்த ஃபில்டரை உங்கள் கண்ணுக்கு நம்பாதீர்கள். புகை நீலத்தைத் தடுக்கிற அளவுக்கு அகச்சிவப்பைத் தடுக்காது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிற சூரியனை டெலி லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி வழியாகப் பார்ப்பது ஆபத்து, லைவ் வியூ திரையில் மட்டும் பாருங்கள். மிரர்லெஸ் என்றால் இந்தக் கவலை இல்லை, அங்கே பார்ப்பதே திரைதான்.

செல்போனில்

முதன்மை லென்ஸில் சூரியன் எறும்பளவு வரும். 3 மடங்கோ 5 மடங்கோ உண்மையான ஜூம் லென்ஸ் இருந்தால் அதை வையுங்கள், அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். புரோ மோடில் வெள்ளைச் சமநிலை 5500, ஐஎஸ்ஓ ஆகக் குறைந்தது. புரோ மோடு இல்லையா, சூரியன்மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, பக்கத்தில் வரும் சின்னக் குறியைக் கீழே இழுங்கள், வட்டத்தின் ஓரம் தெரியும்வரை. ஏஐ காட்சி மேம்பாடு, ஆட்டோ ஹெச்டிஆர், நைட் மோடு மூன்றையும் அணைத்துவிடுங்கள். அவை புகையைப் பிழை என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். போனுக்குச் சூரியனைவிட தண்ணீரில் விழும் பிம்பமும், வரப்பு வழியாக நீளும் நிழலும், புழுதியும் நன்றாக வரும், அதில் கவனம் வையுங்கள்.

மூச்சு

தரைமட்டக் காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’ என்ற வகை, அன்றைக்கு இரண்டு மணி நேரம் வெளியே நிற்பவர்கள் என்95 மாட்டிக்கொள்ளுங்கள். துணி முகக்கவசமும் துண்டும் பிஎம் 2.5-ஐத் தடுக்காது. இழுப்பு உள்ளவர்கள் இதையெல்லாம் வாசித்துவிட்டு வீட்டில் இருப்பதே நல்லது.

வீட்டுக்கு வந்தபின்

திருத்தும் செயலியைத் திறந்ததும் கை தானாக டீஹேஸ் பட்டைக்குப் போகும். அது புகையை நீக்கத்தான் கண்டுபிடிக்கப்பட்டது, நீங்கள் புகையைத்தான் எடுத்து வந்திருக்கிறீர்கள். தொட்டால் அடுக்குகள் ஒன்றாகிச் சூரியனைச் சுற்றிக் கருவளையம் விழும். வேண்டுமானால் முன்புறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிறச் செறிவை ஏற்றுவதற்குப் பதில் ஆரஞ்சின் ஒளிர்வைக் குறையுங்கள், நிறம் தானாக ஆழமாகும், சிவப்பும் நிரம்பாது.

வானம் முழுக்க ஒரே மாதிரியான மெல்லிய நிற மாற்றம் என்பதால் ஜேபெக் கோப்பில் அது படிப்படியாக உடைந்து கோடுகளாகத் தெரியும். ராவில் எடுத்து, 16 பிட்டில் திருத்தி, கடைசியில் மிக லேசாக கிரெயின் (பொடிப்பொடியான புள்ளி) சேர்த்தால் அந்தக் கோடு மறையும். செல்போனில் லைட்ரூம் போதும். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் திருத்தியதெல்லாம் வீண், கோடுகள் திரும்ப வந்துவிடும். பிரிண்ட் போடுபவர்கள் பளபளப்புத் தாளை விட்டு மேட் தாளைக் கேளுங்கள், அதுவும் முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, ஏனென்றால் திரையில் தெரிகிற அந்தச் செம்பு நிறம் தாளில் ஒரு பிடி இருண்டுதான் வரும், அரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.